ஒரு டொலர் கூடின மணி ஓடர்

யாரையும் நம்பாத ஒருத்தியால் எல்லாரிடமும் அன்பாக இருக்க முடியுமா? சந்திரவதனாவின் வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. மிகப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவளுடைய கணவர் சிறி. சிட்னியில் பல வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயில் எப்போதும் ஒரு பகிடியைத் தயாராக வைத்திருப்பவர். அவருக்கும் விடை தெரியாது.

சிட்னியின் புறநகரான மெரிலேண்ட்ஸில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு லெபனான் குடும்பம். அந்த வீட்டுக்காரி காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தபோது சந்திரவதனா தினமும் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். கொண்டுபோன ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் தன் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள். பெட்டி திரும்பி வராவிட்டால் போய்க் கேட்கவும் செய்தாள். கடையில் முட்டை வாங்கினால் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறியவள் இறங்கிப்போய்ப் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பாள்.

"கோயிலில ஐயர் தீர்த்தம் தந்தாலும் நீர் வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்திட்டுத்தான் குடிப்பீர்," என்பார் சிறி.

அவள் கோபிக்க மாட்டாள். குடிக்கிற தண்ணீரைப் பார்த்துக் குடிப்பதில் என்ன பிழை என்பதுபோல அவரைப் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவள் முகம் தெரியாதவர்களோடு வியாபாரம் செய்ய இறங்கியதுதான் ஆச்சரியம். சிட்னித் தமிழரிடையே பெண் பிள்ளைக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் வைப்பது கலியாணத்துக்குக் கொஞ்சம்தான் குறைந்த காரியம். மண்டபம், பக்கவாத்தியம், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு; இவற்றோடு சென்னையில் அளவு கொடுத்துத் தைப்பித்த மூன்று நான்கு பட்டு உடுப்புகள், நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம். பிள்ளை அவற்றை ஒரே ஒரு மாலை உடுத்துவாள். பிறகு பல்கலைக்கழகம், வேலை. உடுப்புகள் கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸில் கிடக்கும். விற்கலாம்தான். ஆனால் பிள்ளையின் அரங்கேற்ற உடுப்பை விற்கிறார்களாம் என்றால் கோயிலில் வேறு கதை கிளம்பும். பாவம், ஏதோ கஷ்டம் போல என்று தொடங்கும் அந்தக் கதை வீட்டுக் கடன் வரைக்கும் போய்த்தான் நிற்கும். ஆகவே தாய்மார் விற்கவும் மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள்.

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த சந்திரவதனா ஒரு தாய்க்கு உதவப்போய் இந்த வேலைக்குள் வந்தாள். உடுப்பை வாங்கிக் காற்றாட விடுவாள். வேர்வைக் கறையை எடுப்பாள், இற்றுப்போன கொக்கிகளை மாற்றுவாள், வெள்ளைப் படுக்கை விரிப்பில் பரப்பிப் படம் எடுத்து இணையத்தில் போடுவாள். விற்ற காசில் ஒரு சிறு பங்கு அவளுக்கு. யாருடைய உடுப்பு என்று சொல்வதில்லை. சிட்னிக்குள் விற்பதுமில்லை, ஒரு பிள்ளையின் உடுப்பை இன்னொரு பிள்ளை உடுத்து அதே மேடையில் ஏறினால் சபையில் யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள். வாங்குகிறவர்கள் எல்லாரும் தூரத்தில் இருப்பவர்கள். தூரத்தில் இருப்பவர்களின் காசும் தூரத்தில் இருந்துதான் வரவேண்டும். அவளுடைய கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

மூன்று வருடத்துக்கு முன் கல்யாணி என்ற சிநேகிதி, மகள் ராகவியின் மயில்கழுத்து நிற உடுப்பைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். விலை அறுநூறு டொலர். குயின்ஸ்லாந்தில் இருந்து தமிழ்ப் பெயருள்ள ஒருவர் எழுதினார். தாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறா, வங்கிப் பக்கம் போக நேரமில்லை, மணி ஓடர் அனுப்புகிறேன் என்றார். தபால் நிலையத்தில் காசைக் கட்டி எடுக்கும், காசோலை மாதிரியான தாள் அது. வந்த மணி ஓடர் தொளாயிரத்தொரு டொலருக்கு இருந்தது. உடுப்பை எடுக்க ஒரு ஆள் வருவார், கூடுதலாக இருக்கும் முந்நூறை ஏற்றுகூலியாக அவர் கையில் கொடுத்துவிடுங்கள், அந்த ஒரு டொலர் மட்டும் மங்களத்துக்காக உங்களுக்கு என்று ஒரு செய்தியும் கூட வந்தது.

அவளைச் சாய்த்தது முந்நூறு அல்ல, அந்த ஒரு டொலர்தான். நல்ல காரியத்துக்குக் கொடுக்கும்போது நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று பூச்சியத்தில் முடியாமல் கொடுப்பது நம்முடைய பழக்கம். கள்ளனுக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று அவள் நினைத்தாள். கள்ளனும் நம்முடைய ஆளாக இருக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மணி ஓடரை வங்கியில் போட்டாள். மறுநாள் கணக்கில் காசு காட்டியது. வந்த ஆளிடம் உடுப்பையும் முந்நூறு டொலரையும் கொடுத்து, குடிக்க ஒரு கோப்பித் தண்ணியும் கொடுத்து அனுப்பினாள். இரண்டு கிழமை கழித்து, அது போலி மணி ஓடர் என்று வங்கி முழுக் காசையும் திரும்ப எடுத்துக்கொண்டது.

யாரிடமும் சொல்லி அழ முடியாத இழப்பு அது. சொன்னால் கல்யாணியின் பெயர் வெளியே வரும். உடுப்பு விற்றுவிட்டது என்று சொல்லிக் கல்யாணிக்கு முழு அறுநூறு டொலரையும் தன் சம்பளத்தில் இருந்து கொடுத்தாள். சிறிக்கு மட்டும் சொன்னாள். பகிடி விடாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

"இன்னொருக்கா இப்பிடி நடந்தால் இந்த வேலையை விட்டிடுவன்," என்றாள். "அதுகள் மற்றவையின்ர பிள்ளையளின்ர உடுப்பு. நம்பித் தந்தது. அதை வைச்சு நான் சூதாடக்கூடாது."

அதற்குப் பிறகு அவள் தபால் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் மணி ஓடரைப் பற்றித் தனக்குத் தெரியாததை எல்லாம் கேட்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்ததைப் பொருட்படுத்தவில்லை. வங்கிக்கும் போய்க் கேட்டாள். கணக்கில் காசு காட்டுவது வேறு, காசு உண்மையாக வந்து சேர்வது வேறு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டாள். காட்டிய காசைப் பிறகும் திரும்ப எடுப்பார்கள். ஆகவே காசு உறுதியாகிவிட்டது என்று வங்கி வாயால் சொல்லும் வரைக்கும் உடுப்பு வீட்டை விட்டுப் போகாது. விலைக்கு மேலே ஒரு சதம் கூடியிருந்தாலும் மணி ஓடர் திரும்பிப் போகும். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி பார்ப்பாள். சந்தேகம் வந்தால் அந்தக் காகிதத்தில் இருக்கும் இலக்கத்துக்கு அழைக்க மாட்டாள், தானாகத் தேடி எடுத்த இலக்கத்துக்குத்தான் அழைப்பாள். எல்லாவற்றிலும் நிச்சயமான வழி, வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு அந்த மணி ஓடரை விற்ற தபால் நிலையத்துக்கே போய்க் கேட்பது என்று கவுண்டர்ப் பெண் சொல்லியிருந்தாள். அது ஒருநாளும் தேவைப்படாது என்று சந்திரவதனா நினைத்தாள்.

மெல்பேர்னில் கிளேட்டன் பக்கம் இருக்கும் மகன் யுகன், மணி ஓடரே வேண்டாம், வங்கிக் கணக்குக்கு நேரே வாங்குங்கள் என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினான். அவள் ஓம் ஓம் என்று கேட்டாள். பிறகு, அப்படி அனுப்பத் தெரியாதவர்களும் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்கு நான் கதவைச் சாத்துவதா என்று கேட்டுப் போனை வைத்தாள்.

வாங்குகிறவர்களுக்கு இத்தனை விதி வைத்தால் மனம் நோகாதா என்று சிறி ஒருமுறை கேட்டார்.

"எல்லாரிட்டையும் ஒரே மாதிரிக் கேட்டால் ஒருத்தரையும் கள்ளன் எண்டு நினைக்கத் தேவையில்லை," என்றாள் அவள். "நான் ஆளைப் பார்க்கிறேல்லை. பேப்பரைத்தான் பார்க்கிறன்."

இந்தப் பதில் சிறிக்குப் பிடித்திருந்தது. ஆனால் முழுக்கச் சரி என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒருநாள் எதிரில் ஆள் வந்து நின்றால் என்ன செய்வது?

ஆள் வந்தார். பெயர் அப்பளசாமி. மலேசியாவில் இருந்து வந்து, சிட்னிக்கு வெகுதூரத்தில் இருக்கும் டப்போ என்ற ஊரில் விவசாய இயந்திரங்கள் திருத்தும் பட்டறையில் வேலை செய்கிறவர். மகள் விஷாலினி, கிளேட்டனில் இருக்கும் ஒரு ஆசிரியையிடம் கணினித் திரை வழியாகவே நடனம் படித்திருந்தாள். ஊர் விழாவில் சனிக்கிழமை மாலை அவள் ஆடவேண்டும். முதல் மேடை. சந்திரவதனா இணையத்தில் போட்டிருந்தவற்றில், அப்பளசாமி தக்காளிச் சிவப்பில் பச்சைக் கரை வைத்த ஒரு உடுப்பைப் பார்த்து வைத்திருந்தார். விலை எழுநூற்றைம்பது டொலர்.

அப்பளசாமியும் பட்டவர். இணையத்தில் பார்த்த ஒரு பழைய ட்ரெய்லருக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்பியிருந்தார். ட்ரெய்லரும் வரவில்லை, விற்றவரையும் அதற்குப் பிறகு காணவில்லை. அன்று முதல் தெரியாதவர்களுக்கு அவர் மணி ஓடர்தான். கையில் ரசீது இருக்கும், யார் பெயருக்கு எடுத்தோம் என்பது எழுத்தில் இருக்கும் என்பது அவர் கணக்கு. தையலின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அன்றைய பத்திரிகையைப் பக்கத்தில் வைத்து இன்னொரு படம் கேட்டார். சந்திரவதனா அவருடைய முழுப் பெயரையும் வீட்டு விலாசத்தையும் வேலையிடத்தையும் கேட்டாள்.

"என்னப்பா, இரண்டு பேரும் சம்பந்தம் பேசுறியளோ?" என்றார் சிறி.

செவ்வாய்க்கிழமை மணி ஓடர் வந்தது. பெயர் சரி. நீர்க்குறி சரி. தொகை எழுநூற்றைம்பத்தொரு டொலர்.

அவள் அதை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். சிறி எட்டிப் பார்த்தார், தொகையைக் கண்டார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் டப்போவுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, நீங்கள் ஒரு டொலர் கூட அனுப்பியிருக்கிறியள்."

"தெரிஞ்சுதான்கா அனுப்பினேன். பிள்ளை முதல் தடவை மேடை ஏறுது. சைபர்ல முடிக்கலாமா?"

"எனக்கு எழுநூற்றைம்பதுக்குத்தான் வேணும். இதைத் திருப்பி அனுப்புறன். புதுசா ஒண்டு எடுத்து அனுப்புங்கோ."

"தப்பா நினைக்காதீங்கக்கா. ஒண்ணு உங்க கையில இருக்கு. இன்னொண்ணு அனுப்பச் சொல்றீங்க. முதல்ல அது திரும்பி வரட்டும்லா."

"அது வந்து, பிறகு மற்றது வந்து, சனிக்கிழமைக்குள்ள எப்பிடி உடுப்பு வாறது?"

"அப்ப இதையே காசா மாத்திக்குங்க."

"மாத்தேலாது. குறுக்குக் கோடு போட்டு எடுத்திருக்கிறியள். வங்கியிலதான் போடோணும். காசு வந்திட்டுது எண்டு அவை சொல்லாமல் நான் உடுப்பு அனுப்புறேல்லை."

"கோடு போட்டது வேற யாரும் எடுத்திடக் கூடாதுன்னுதான். நான் ஒரு தடவை பட்டவன்கா."

"நானும் பட்டனான்," என்றாள் சந்திரவதனா.

அதோடு போன் வைக்கப்பட்டது. சிறிக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. திருடனுக்குப் பயந்து ஆளுக்கொரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். இப்போது ஒருவருக்கு மற்றவர்தான் திருடன்போலத் தெரிகிறார். அவர்கள் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. பூட்டியது சரிதான். ஆனால் நடுவில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை உடுப்பில்லாமல் நிற்கப்போகிறது. அல்லது சந்திரவதனா ஒரு தாயின் உடுப்பை இரண்டாம் முறையும் பறிகொடுக்கப்போகிறாள்.

வங்கியில் கேட்டாள். காசு உறுதியாவதற்கு அடுத்த கிழமை ஆகும் என்றார்கள். மணி ஓடரை அவள் வங்கியில் போடவில்லை.

வியாழக்கிழமை உடுப்பை மெல்லிய சூட்டில் அயர்ன் பண்ணி, விசிறி மடிப்புகளை ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டுப் பையில் வைத்தாள். நாளைக்கு டப்போவுக்குப் போவோம் என்றாள். அப்பளசாமிக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். மணி ஓடரை விற்ற தபால் நிலைய வாசலில் ரசீதோடு வந்து நிற்கச் சொன்னதாகவும், அவர் ஒத்துக்கொண்டதாகவும் சொன்னாள்.

"போக ஐந்து மணித்தியாலம், வர ஐந்து மணித்தியாலம்," என்றார் சிறி. "இதில உமக்கு வாற லாபம் பெற்றோலுக்கும் காணாது."

"பஸ் ஓட்டின மனுசன். ஒரு நாள் கார் ஓட்டினால் தேய்ஞ்சு போவியளோ?"

வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டார்கள். மலைத்தொடரைத் தாண்டி, பாத்தர்ஸ்ட் தாண்டி, வெட்டவெளியாகக் கிடந்த மேய்ச்சல் நிலங்களுக்குள்ளால் பாதை போனது. உடுப்புப் பையைப் பின்னால் வைக்கவிடாமல் மடியிலேயே வைத்திருந்தாள். வழியெல்லாம் நடக்கவேண்டிய முறையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதலில் தபால் நிலையம். மணி ஓடரையும் ரசீதையும் அங்கே காட்டுவது. அவர்கள் சரி என்றால் உடுப்பு. இல்லாவிட்டால் காரைத் திருப்புவது.

"பிள்ளை அழுதால்?" என்று கேட்டார் சிறி.

"அழட்டும்," என்றாள் அவள், யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

அப்பளசாமி சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றார். பட்டறை உடுப்போடு வந்திருந்தார். முழங்கையில் கிறீஸ் ஒட்டியிருந்தது. ரசீதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தார். பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் விஷாலினி. சந்திரவதனா வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க லைசன்ஸைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

இவ்வளவு தூரம் ஓட்டிவந்த சிறிக்குச் சுருக்கென்றது. ஏதோ சொல்ல ஒரு அடி முன்னால் வைத்தார். அதற்குள் சந்திரவதனா லைசன்ஸை எடுத்து நீட்டிவிட்டாள். அப்பளசாமி அதை வெயிலில் பிடித்தார். படத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அப்பா, ஸ்டாப் இட்," என்றாள் விஷாலினி மெதுவாக. அவள் கண் உடுப்புப் பையின் பக்கம் போகாமல் இருக்கப் பாடுபட்டது. கால் மட்டும் அவளுக்குத் தெரியாமலே நடைபாதையில் தட்டிக்கொண்டிருந்தது.

"பின்பக்கமும் பாருங்கோ," என்றாள் சந்திரவதனா. "விலாசம் மாறினது பின்னுக்குத்தான் ஒட்டியிருக்கு."

அப்பளசாமி திருப்பிப் பார்த்தார். அதோடு விடவில்லை. நடந்துபோய்க் கார் இலக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். அவர் குனிந்து படம் எடுப்பதைச் சந்திரவதனா பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைச் சிறி கவனித்தார். கோபம் இல்லை. நெடுநாள் காணாத சொந்தக்காரர் ஒருவரைத் தெருவில் கண்டவள்போல இருந்தாள்.

"வாங்கக்கா, உள்ள போய்க் கேட்டுரலாம். கூட்டமில்லை," என்றார் அப்பளசாமி.

சிறிதான் முதலில் போனார். கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் வரவில்லை. சந்திரவதனா நடைபாதையிலேயே பையின் ஸிப்பைத் திறந்து, இடுப்புப் பகுதியை எடுத்து, சீருடைக்கு மேலாகவே விஷாலினியின் இடுப்பில் வைத்து அளந்துகொண்டிருந்தாள். ஒரு ஊசியைப் பல்லில் கடித்திருந்தாள்.

"இஞ்ச ஒரு அங்குலம் பெரிசு. இரண்டு கொக்கியை உள்ளுக்குத் தள்ளினால் சரியா வரும். அண்ணை, வீட்டில சிவப்பு நூல் இருக்கோ?"

அப்பளசாமி ரசீதைப் பிடித்தபடி நின்றார். "அக்கா, முதல்ல போஸ்ட் ஆபீஸ்ல..."

"வீடு எவ்வளவு தூரம்?"

வீடு தூரமில்லை. அங்கே தரையில் பாய் விரித்து உட்கார்ந்து அவள் கொக்கிகளைப் பிரித்துத் தைத்தாள். பிள்ளையை நிற்கவைத்து, அரைமண்டியில் இருக்கவைத்து, விசிறி சரியாக விரிகிறதா என்று பார்த்தாள். தோளில் திருப்தியில்லை, அதையும் பிரித்தாள். அப்பளசாமி தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்தார். மணி ஓடர் அவள் கைப்பையில் இருந்தது. அது உண்மையானது என்று வங்கி சொன்னது அடுத்த கிழமைதான். அந்தப் பிற்பகலில் அதை அறிந்தவர் அப்பளசாமி ஒருவர் மட்டும்.

அவள் செய்ததைப் பெரிய மனது என்று சிறி யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு அப்படித் தோன்றவும் இல்லை. அடுத்த மாதமே பேர்த்தில் இருந்து ஒரு பெண் விலைக்கு மேல் இரண்டு டொலர் கூட்டி அனுப்பினாள்; அந்த மணி ஓடர் அன்றைக்கே திரும்பிப் போனது. டப்போவில் மட்டும் ஏன் அப்படி என்று திரும்பி வரும் வழியிலும் பிறகும் அவர் பலமுறை கேட்டுப் பார்த்தார். கங்காரு பாயும், ரோட்டைப் பாருங்கோ என்றாள் ஒருமுறை. மற்ற நேரங்களில் அதுவும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தபால் நிலையம் பூட்டப்போகும் நேரம் நெருங்கியபோது, அப்பளசாமியின் வீட்டு வாசலில் நின்று சிறி நினைவூட்டினார். இப்போது புறப்பட்டால் கேட்டுவிடலாம், இல்லாவிட்டால் திங்கள்தான் என்றார். சந்திரவதனா நூலைக் கடித்து அறுத்தாள். மற்றத் தோளைத் திருப்பச் சொல்லிப் பிள்ளையின் முதுகில் மெல்லத் தட்டினாள்.